வெய்வரில் வரும் ஆட்டக்காரரை எடுப்பதா விடுவதா என்று பேஸ்பால் அணிகள் எப்படி முடிவு செய்கின்றன?

கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணி கைவிட்டு வெய்வரில் (மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) போட்ட ஆட்டக்காரரை மற்ற அணிகள் எதைப் பார்த்து எடுக்கின்றன என்பது ஒன்று. கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்குத்தான் முதல் உரிமை என்றால், நல்ல ஆட்களையெல்லாம் அவர்களே அள்ளிக்கொள்ளாமல் ஏன் விடுகிறார்கள் என்பது இன்னொன்று. நான் ஒஹாயோவில் இருந்துகொண்டு கிளீவ்லாந்து கார்டியன்ஸ் ஆட்டங்களைப் பார்க்கிறவன், அதனால் உதாரணம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) உண்டு. அதில் 26 பேர் பெரிய அணியோடு இருப்பார்கள், மற்றவர்கள் மைனர் லீக்கிலோ (அதே அமைப்பின் கீழ்நிலை அணிகள்) காயப்பட்டவர் பட்டியலிலோ இருப்பார்கள். புதிதாக ஒருவருக்கு இடம் வேண்டுமென்றால் இருப்பவர்களில் ஒருவரை டிஎஃப்ஏ (designated for assignment) செய்வார்கள், அந்த நிமிஷமே அவர் 40 பேரில் இருந்து வெளியே. அப்புறம் ஏழு நாளுக்குள் அவரை ட்ரேட் செய்யலாம், விடுவித்துவிடலாம், இல்லையென்றால் வெய்வரில் போடலாம். வெய்வரில் போட்டால் அவரைக் கேட்க மற்ற 29 அணிகளுக்கும் சுமார் இரண்டு நாள் அவகாசம். ஐபிஎல் ஏலம் மாதிரி விலை ஏற்றிக் கேட்கும் பேச்சே கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால் வெற்றி விகிதம் குறைவாக உள்ள அணிக்கு ஆள் போவார் (சீசன் தொடங்கிய முதல் மாதம் மட்டும் போன வருஷத்து வரிசை). எடுக்கிற அணி அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் சம்பளத்தை அப்படியே ஏற்க வேண்டும், தன்னுடைய 40 பேரில் அவருக்கு இடமும் கொடுக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் பழைய அணி அவரை மைனர் லீக்குக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாம்.

இதில் எல்லாரும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் வெய்வரில் வருகிற பெரும்பாலானவர்கள் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர்கள் (2023ல் வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் டாலர்), அது எந்த அணிக்கும் ஒரு விஷயமே இல்லை. உண்மையான விலை அந்த இடம். எடுக்கலாமா என்று உட்கார்ந்து பேசும்போது அவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி, நம்மிடம் இருக்கும் நாற்பதாவது ஆளைவிட இவர் மேலானவரா என்பதுதான். ஏனென்றால் இவரை எடுத்தால் அந்த நாற்பதாவது ஆளை டிஎஃப்ஏ செய்ய வேண்டும், அவரை வேறு ஒருவர் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த நாற்பதாவது ஆள் பெரும்பாலும் நீங்கள் பெயரே கேள்விப்படாத 22 வயதுப் பையனாக இருப்பான், அணி அவன்மேல் நாலைந்து வருஷம் உழைப்பைப் போட்டிருக்கும். மோசமான அணிகள் எல்லாரையும் அள்ளிக்கொள்ளாததற்கு முக்கியக் காரணமும் இதுதான். அவர்கள் பட்டியலில் இப்படிப்பட்ட பையன்கள்தான் அதிகம்.

அடுத்தது ஆப்ஷன். 40 பேரில் சேர்ந்த ஒருவரை அணி மூன்று சீசன்கள் வரை வெய்வர் இல்லாமலேயே மைனர் லீக்குக்கு அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம், இதற்குப் பெயர்தான் ஆப்ஷன். மூன்றும் தீர்ந்துவிட்டால் அவரை 26 பேரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வெய்வர். அதனால் திறமையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு ரிலீவர்கள் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசும் பிட்சர்கள்) ஒரே நாளில் வெய்வரில் வந்தால், ஆப்ஷன் மிச்சமிருப்பவரை நாலு அணி கேட்கும், மற்றவரை ஒன்று கேட்டாலே பெரிய விஷயம். 26 பேரில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் அங்கே நெருக்கடி இன்னும் அதிகம். முந்தின நாள் மூன்று இன்னிங்ஸ் வீசிக் களைத்துப்போன ரிலீவரைக் கீழே அனுப்பிவிட்டு, கை ஓய்வாக இருக்கும் ஒருவரை மேலே கொண்டுவர முடிவதுதான் இன்றைய மேனேஜர்களுக்குப் பெரிய வசதி. ஆப்ஷன் இல்லாதவர் அந்த வசதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சரி, ஆட்டக்காரரிடம் என்ன பார்க்கிறார்கள்? வெய்வரில் வருகிறவரின் மேஜர் லீக் எண்கள் அநேகமாக மோசமாகத்தான் இருக்கும், நன்றாக இருந்தால் அங்கே வந்திருக்கவே மாட்டார். அதனால் அந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டு, பந்து எவ்வளவு வேகம், எப்படி வளைகிறது, மட்டையில் பட்ட பந்து எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்று பார்க்கிறார்கள். பிட்சர் என்றால், அவர் குறைவாக வீசுகிற ஒரு பந்தை நம்மிடம் வந்தால் அதிகமாக வீசச் சொல்லித் தேற்றிவிடலாமா என்று யோசிப்பார்கள். முக்கால்வாசி நேரம் தேற மாட்டார், அது அவர்களுக்கும் தெரியும்.

தேறியதில் எனக்குப் பிடித்த உதாரணம் ப்ரென்ட் ரூக்கர். 2017ல் புதுமுகங்களுக்கான டிராஃப்ட்டில் ட்வின்ஸ் அணி எடுத்தவர். 2022ல் ஏப்ரலில் பாட்ரேஸுக்கு ட்ரேட், ஆகஸ்டில் ராயல்ஸுக்கு ட்ரேட், நவம்பரில் ராயல்ஸும் கைவிட்டது. அப்போது வயது 28, மேஜர் லீக்கில் சுமார் 80 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .200ஐ ஒட்டி, அதாவது மோசம். ஃபீல்டிங்கில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனால் மைனர் லீக்கின் உச்ச நிலையான ட்ரிபிள்-ஏ லீக்கில் பந்தை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். நவம்பரை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாத நடுவில்தான் ரூல் 5 என்ற டிராஃப்ட்டுக்கு (40 பேரில் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் தேர்வு) முன்னால் இளம் ஆட்களை 40 பேரில் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய கெடு வரும், அதோடு 60 நாள் காயப்பட்டவர் பட்டியலும் குளிர்காலத்தில் இருக்காது, அதில் இருந்தவர்கள் எல்லாம் 40க்குள் திரும்பி வந்துவிடுவார்கள். எல்லா அணிக்கும் ஒரே வாரத்தில் இடப் பஞ்சம். அந்த வாரத்தில் ஓக்லாந்து ஏ'ஸ் ரூக்கரை க்ளெய்ம் செய்தது, அதாவது வெய்வரில் கேட்டு எடுத்தது. 102 ஆட்டங்கள் தோற்ற அணி, வரிசையில் முன்னால் இருந்தது, அணியைப் புதிதாகக் கட்டமைத்துக்கொண்டிருந்ததால் ஒரு வருஷம் முழுக்க ஒருவரை ஆடவிட்டுப் பார்க்கும் பொறுமையும் இருந்தது. 2023ல் 30 ஹோம் ரன், ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு). 2024ல் 39 ஹோம் ரன். 2025 ஜனவரியில் ஐந்து வருஷத்துக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம். இதே ஆளை முதலிடத்துக்குப் போட்டிபோடும் ஒரு அணி எடுத்திருந்தால் ஏப்ரலில் 20 முறை அவுட் ஆனதும் மறுபடி வெய்வரில் போட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

அப்படிப் போட்டுப் போட்டு எடுக்கப்பட்டவரும் உண்டு. ஆலிவர் டிரேக் என்ற ரிலீவர் 2018ல் ஒரே சீசனில் ப்ரூவர்ஸ், இந்தியன்ஸ் (இப்போதைய கார்டியன்ஸ்), ஏஞ்சல்ஸ், ப்ளூ ஜேஸ், ட்வின்ஸ் என்று ஐந்து மேஜர் லீக் அணிகளுக்கு வீசினார். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. அவருக்கு ஆப்ஷன் தீர்ந்துவிட்டது, அதனால் ஒவ்வொரு அணியும் இடம் தேவைப்பட்டதும் அவரைத்தான் வெளியே தள்ளியது. ஆனால் தலைக்கு நேர் மேலிருந்து வரும் அந்த விசித்திரமான வீச்சைப் பார்த்து அடுத்த அணிக்கு ஆசை விடவில்லை. 2019ல் ரேஸ் அணியில் நன்றாகவே வீசினார்.

ஒரு தந்திரமும் இதில் இருக்கிறது. இடம் காலியாக இருக்கும்போது ஒருவரை க்ளெய்ம் செய்வார்கள், மற்ற அணிகளின் பட்டியல் நிரம்பிவிட்ட சமயம் பார்த்து அவரையே வெய்வரில் போடுவார்கள். யாரும் கேட்காவிட்டால், 40 பேரில் இடம் பிடிக்காமலேயே ட்ரிபிள்-ஏயில் ஒரு கூடுதல் ஆள் கிடைத்துவிடுவார். ஆட்டக்காரர் பாவம், நாலு மாதத்தில் மூன்று ஊருக்குப் பெட்டி கட்டியிருப்பார். ஏற்கெனவே ஒருமுறை இப்படி அனுப்பப்பட்டவரோ, மூன்று வருஷம் மேஜர் லீக் சர்வீஸ் (அங்கே இருந்த காலம்) உள்ளவரோ மறுத்துவிட்டு வெளியேறலாம். ஆனால் ஐந்து வருஷம் ஆகாதவர் வெளியேறினால் மிச்சச் சம்பளத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எல்லாரும் சேர்ந்து கோட்டை விடுவதும் நடக்கும். 2018 ஜூனில் ஏ'ஸ் அணி ரிலீவர் லியம் ஹென்ட்ரிக்ஸை டிஎஃப்ஏ செய்தபோது 29 அணிகளில் ஒன்றுகூட கேட்கவில்லை. நாஷ்வில்லில் ட்ரிபிள்-ஏக்குப் போனார், செப்டம்பரில் திரும்பி வந்தார், அடுத்த வருஷமே ஆல்-ஸ்டார்.

பணம் முக்கியமாகிற இடமும் உண்டு, அது பெரிய ஒப்பந்தங்களில். 2009 ஆகஸ்டில் ப்ளூ ஜேஸ் அலெக்ஸ் ரியோஸை வெய்வரில் போட்டது, வொய்ட் சாக்ஸ் க்ளெய்ம் செய்தது. அந்தக் காலத்து விதிப்படி ப்ளூ ஜேஸ் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இல்லை பேரம் பேசலாம். இரண்டும் செய்யாமல் அப்படியே கொடுத்துவிட்டது, ஏனென்றால் 2014 வரை கொடுக்க வேண்டிய சுமார் 6 கோடி டாலர் தலையை விட்டுப் போகிறதே. ரியோஸ் அந்த வருஷம் சிகாகோவில் .199 அடித்தார், 2010ல் நன்றாக ஆடினார், 2011ல் படுத்தார், 2012ல் மறுபடி எழுந்தார். லாபமா நஷ்டமா என்று இன்னும் சண்டை போடலாம்.

1998ல் சான் டியேகோ பாட்ரேஸ் கதை இன்னும் மோசம். ப்ளூ ஜேஸின் ரிலீவர் ராண்டி மையர்ஸ் அட்லாண்டா ப்ரேவ்ஸுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகக் குறுக்கே விழுந்து க்ளெய்ம் போட்டது. ப்ளூ ஜேஸ் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டது. பாட்ரேஸ் அந்த வருஷம் ப்ரேவ்ஸைத் தோற்கடித்து வேர்ல்டு சீரிஸுக்கு (இறுதித் தொடருக்கு) போனது உண்மைதான். ஆனால் மையர்ஸ் அந்த சீசனுக்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை, சம்பளம் மட்டும் இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பாக்கி இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய அந்த ஆகஸ்ட் ட்ரேட் வெய்வரை 2019ல் ஒழித்துவிட்டார்கள், இப்போது கேட்டால் ஆள் உங்கள் தலையில்தான்.

ஒழித்ததன் பின்விளைவாக 2023 ஆகஸ்ட் கடைசியில் ஒரு கூத்து நடந்தது. ஏஞ்சல்ஸ் ஜூலையில்தான் லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ் இருவரையும் வாங்கியிருந்தது, அதன்பின் வரிசையாகத் தோற்று, ஆகஸ்ட் 29 அன்று அவர்களையும் சேர்த்து ஆறு பேரை ஒரே நாளில் வெய்வரில் போட்டது. 23 கோடியே 30 லட்சம் டாலர் என்ற சம்பள வரி வரம்புக்கு (அணியின் மொத்தச் சம்பளம் இதைத் தாண்டினால் வரி) கீழே இறங்குவதுதான் நோக்கம், கடைசியில் இறங்கியும்விட்டது. இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கிறது. வரிசையில் முன்னால் இருந்த ஏ'ஸ், ராயல்ஸ் போன்ற அணிகளுக்கு, ஒரு மாதம் ஆடிவிட்டு ஒப்பந்தம் முடிந்து போகப்போகிற ஜியோலிட்டோ எதற்கு? மெட்ஸ், பாட்ரேஸ் அணிகளுக்கு ஏற்கெனவே வரி ஏறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு டாலருக்கும் மேலே இன்னும் கட்ட வேண்டும். கார்டியன்ஸ் தன் டிவிஷனில் முதலிடத்தில் இருந்த ட்வின்ஸைவிட ஐந்து ஆட்டம் பின்னால் இருந்தது. ஜியோலிட்டோ, லோபெஸ், மேட் மூர் மூவரையும் கேட்டது, மூவரும் கிடைத்தார்கள். ஆகஸ்ட் 31க்குள் அணிக்கு வந்தவர்தான் பிளே-ஆஃப் ஆட முடியும், அதற்குள் வந்துவிட்டார்கள். மூன்று பேரின் கடைசி மாதச் சம்பளம் சேர்த்து 40 லட்சம் டாலருக்கும் கீழே, அதைக் கொடுக்க முன்வந்தது எங்கள் கஞ்ச முதலாளி!

செப்டம்பர் 4 அன்று ஜியோலிட்டோவின் முதல் ஆட்டம், எதிரில் அதே ட்வின்ஸ். மூன்று இன்னிங்ஸில் ஒன்பது ரன் கொடுத்தார், ஆட்டம் 20-6. பார்த்துக்கொண்டிருந்த நான் நடுவிலேயே டிவியை அணைத்துவிட்டேன். கார்டியன்ஸ் 76-86 என்று சீசனை முடித்தது. ஆனாலும் எடுத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஐந்து ஆட்டம் பின்னால், கையில் ஒரு மாதம், பதிலுக்கு ஒரு இளம் ஆட்டக்காரரைக்கூட கொடுக்க வேண்டியதில்லை, லோபெஸும் நன்றாகத்தான் வீசினார். வாய்ப்பு போனதும் செப்டம்பர் நடுவில் கார்டியன்ஸே மூரை வெய்வரில் போட்டது. வைல்டு கார்டுக்காக (டிவிஷனில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான பிளே-ஆஃப் இடம்) ஓடிக்கொண்டிருந்த மார்லின்ஸ், பிளே-ஆஃபில் ஆட முடியாதவர் என்று தெரிந்தும், மிச்சமிருந்த சில ஆட்டங்களுக்காக அவரை எடுத்துக்கொண்டது.