கணக்குக்குப் பயந்து கடலில் குதிக்கலாமா?

கேள்வி: நான் வரலாறு படிக்கும் மாணவி. பட்டம் வாங்க, லேப் உள்ள அறிவியல் பாடம் ஒன்றையாவது முடித்தாக வேண்டும். அறிவியல் துறை சாராதவர்களுக்கென்று மரைன் சயின்ஸ், ஃபிசிக்கல் சயின்ஸ் என்று இரண்டு பாடங்கள் இருக்கின்றன. எனக்குக் கணக்கு என்றாலே பயம். மரைன் சயின்ஸ் என்றால் மீன், திமிங்கிலம், பவளப்பாறை என்று ஜாலியாகப் போய்விடும் என்கிறார்கள் தோழிகள். அதையே எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் தோழிகள் சொன்ன காரணத்துக்காக எடுக்காதீர்கள்.

மரைன் சயின்ஸ் என்ற பெயரில் நடக்கும் பொதுப்பாடம் பெரும்பாலும் கடலியல்தான். கடல்தரை எப்படி உருவானது, நீர் ஏன் மெதுவாகச் சூடாகிறது, உப்பு எங்கிருந்து வந்தது, நீரோட்டம், அலை, ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) என்று செமஸ்டரின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். உயிரினங்கள் வருவது அதற்கு அப்புறம். அதுவும் கண்ணுக்கே தெரியாத மிதவை உயிரிகளில் தொடங்கும். திமிங்கிலத்துக்கு ஒரு வகுப்பு முழுசாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். உயிரினங்களைப் பற்றிப் படிப்பதுதான் ஆசை என்றால், மரைன் பயாலஜி என்று தனியாக ஒரு பாடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, கடலுக்குப் போனாலும் இயற்பியல் கூடவே வரும். எந்த அளவுக்கு வரும் என்பதற்கு ஒரு கணக்கு. சுனாமியின் வேகம் என்ன? கடலின் ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் 4,000 பெருக்கல் 9.8, அதாவது 39,200. வர்க்கமூலம் ஏறக்குறைய 198. நொடிக்கு 198 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர், விமான வேகத்தை நெருங்குகிறது. அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது, அதே கணக்குப்படி மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் பகுதி மெதுவாகிறது, பின்னால் வருவது நெருக்கிக்கொண்டு வருகிறது, நீர் உயரமாக எழும்புகிறது. நடுக்கடலில் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாத அலை, கரையில் ஊரையே அழிப்பது இப்படித்தான்.

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இதை உங்களால் பின்தொடர முடிந்ததா? அப்படியென்றால் இரண்டில் எதை எடுத்தாலும் சமாளிக்கலாம். இந்தப் பாடங்களில் பொதுவாக நுண்கணிதம் கிடையாது. விகிதம், அலகு மாற்றம், பத்தின் அடுக்குகள், ஓர் எளிய சமன்பாடு, அவ்வளவுதான்.

கணக்கு வராது என்பவர்கள் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். கடல்நீரின் உப்புத்தன்மை சராசரியாக 35 என்று புத்தகத்தில் இருக்கும். அது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம், அதாவது ஆயிரத்துக்கு 35. அதை 35 சதவீதம் என்று எழுதிப் பதில் பத்து மடங்கு தவறுவது வழக்கமாக நடப்பதுதான். வரைபடமும் அப்படித்தான். கடலியலில் பூஜ்யம் மேலே இருக்கும், ஆழம் கீழ்நோக்கிக் கூடிக்கொண்டே போகும். பள்ளியில் பழகிய கண்ணுக்கு அது தலைகீழ். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு வரைபடத்திலும் அச்சுகளை விரல் வைத்துப் படியுங்கள், நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

சரி, ஃபிசிக்கல் சயின்ஸ்? இயக்கம், ஆற்றல், வெப்பம், மின்சாரம், ஒளி, அணு, வேதிவினை, சில இடங்களில் வானியலும் சேரும். புதிய சொற்கள் குறைவு. ஆனால் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். லேபில் ஊசல் கட்டித் தொங்கவிடுவீர்கள். குண்டின் எடையை மாற்றினாலும் ஊசலாடும் நேரம் மாறாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு, போய்வர ஏறக்குறைய 2 நொடி. அதை 4 நொடியாக்க நீளத்தை நான்கு மடங்காக்க வேண்டும், இரண்டு மடங்கு போதாது. ஏன் என்பதை உங்கள் அளவீடுகளை வைத்தே காட்ட வேண்டும். சிறிய விதி ஒன்றை முழுசாகப் பிடித்துவிட்ட திருப்தி இதில் உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் இதைத்தான் சொல்வேன், வகுப்பறையில் நேராகப் பயன்படும்.

மரைன் சயின்ஸில் சுமை வேறு மாதிரி. வாரம் தவறாமல் புதுச் சொற்கள் குவியும். மனப்பாடம் மட்டும் போதாது. நாளுக்கு இரண்டு ஓதம் என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான். நிலவைப் பார்த்த பக்கம் மட்டுமின்றி எதிர்ப்பக்கமும் கடல் ஏன் பொங்குகிறது, இரண்டு உயர் ஓதங்களுக்கு நடுவே ஏன் 12 மணி 25 நிமிடம் என்பதுதான் தேர்வில் வரும்.

உங்களுக்கு நான் மரைன் சயின்ஸைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் வரலாறு படிப்பதுதான். கடல்தரை விரிகிறது என்ற கருத்து எப்படி நிலைபெற்றது என்று பாருங்கள். 1950களில் மேரி தார்ப் என்ற பெண், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவீடுகளைத் தாளில் வரைந்தபோது அட்லாண்டிக்கின் நடுமலைத்தொடரில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் பொருந்தின. கடல்தரைப் பாறையில் காந்தத் திசை மாறி மாறி வரும் பட்டைகளுக்குத் தரை விரிவதே காரணம் என்று, 1963இல் வைன், மேத்யூஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள். சிதறிக் கிடக்கும் ஆதாரங்களைக் கோத்து ஒரு வாதத்தைக் கட்டுவது உங்களுக்குப் பழகிய வேலை. பல மாணவர்கள் திணறும் இந்தப் பகுதி உங்களுக்குக் கைகொடுக்கும்.

பதிவு செய்வதற்கு முன் சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் லேபுக்குத் தனிக் குறியீடு, தனிக் கிரெடிட். வகுப்பை மட்டும் பதிந்துவிட்டுக் கடைசியில் லேப் இல்லை என்று தெரிந்தால் இன்னொரு செமஸ்டர் போய்விடும். களப்பயணம் கட்டாயமா, படகில் ஏற வேண்டுமா, ஏற முடியாதவர்களுக்கு மாற்றுவேலை உண்டா என்றும் கேளுங்கள். பின்னாளில் அறிவியல் பக்கம் மாறும் எண்ணம் துளியாவது இருந்தால், துறை ஆலோசகரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பொது மாணவர்களுக்கான இந்தப் பாடங்களை மேல்வகுப்புக்கான முன்தகுதியாகப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.