உதிர்ந்த மான் கொம்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நானும் நண்பனும் மூன்று வாரம் முன்பு சத்தியமங்கலம் மலைப்பக்கம் ஒரு காட்டோடை வழியாக நடந்து போனோம். அமெரிக்காவில் மலைக்காட்டில் சுற்றி, உதிர்ந்த மான் கொம்புகளைத் தேடி எடுப்பதை யூடியூபில் பார்த்ததிலிருந்து நண்பனுக்கு அதில் ஆசை. நாள் முழுக்க அலைந்து இரண்டு கொம்புகள் கிடைத்தன. ஆளுக்கு ஒன்று எடுத்து வந்தோம். எந்த மிருகத்தையும் நாங்கள் தொடவில்லை. நண்பன் தன் கொம்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். கத்திப்பிடி செய்கிற ஒருவர் விலை கேட்டிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், "கேஸ் ஆகிவிடும், எரித்துவிடு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், ஆற்றில் போடாதீர்கள். இப்போது உங்கள் மேல் இருப்பது கொம்பை எடுத்து வந்த குற்றச்சாட்டு மட்டும்தான். எரித்தால் தடயத்தை அழித்தார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். அதைவிட, உங்களுக்குச் சாதகமான முக்கியச் சாட்சியும் அந்தக் கொம்புதான்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கிளை, மெல்லிய தண்டு. புள்ளிமான் கொம்பு என்றே தோன்றுகிறது. கடமான் கொம்பு என்றால் இன்னும் தடிமனாக, சொரசொரப்பாக இருக்கும். நான் முக்கியமாகப் பார்த்தது அடிப்பகுதியை. அங்கே மோதிரம்போல ஒரு மேடு, அதற்குக் கீழே லேசாகப் புடைத்த, பொரிபொரியான முகம். மண்டை எலும்பு துளியும் ஒட்டவில்லை, ரம்பம் பட்ட தடமும் இல்லை. தானாக விழுந்த கொம்பு இப்படித்தான் இருக்கும். மானைக் கொன்று வெட்டி எடுத்தது என்றால் மண்டையோட்டுத் துண்டோ வெட்டுத் தடமோ அதில் இருக்கும். வெளிமானுக்குக் கொம்பு உதிர்வதே கிடையாது, அதன் கொம்பு கையில் இருந்தால் விலங்கு செத்திருக்கிறது என்றே அர்த்தம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் விலங்கின் உடலில் ஒரு பாகத்தை எடுப்பதும் வருகிறது. வேட்டை என்று எழுதிவிட்டால் வழக்கின் கனமே மாறிவிடும், சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் குறைந்தபட்ச தண்டனையே மூன்று வருடம். மான் தானாகக் கழற்றிவிட்டுப் போன கொம்பு அதன் உடலின் பாகம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அதை நிரூபிக்க அந்த அடிப்பகுதி அப்படியே இருக்க வேண்டும்.

சரி, வேட்டை இல்லை என்றால் தப்பே இல்லையா? இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். 'டிராஃபி', அதாவது எடுத்து வைத்திருக்கும் விலங்கின் பாகங்கள், என்று சட்டம் சொல்லும் பட்டியலில் மான் கொம்பு பெயர் சொல்லியே இருக்கிறது. அரசுச் சொத்தான அப்படிப்பட்ட பொருள் எப்படிக் கையில் வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. முன் அனுமதி இல்லாமல் வைத்திருக்கவோ, கைமாற்றவோ, அழிக்கவோ கூடாது. உயிரோடு திரியும் மான் உதிர்த்த கொம்பு அந்தப் பிரிவுக்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு. நானே வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் கொம்பை வீட்டில் வைத்திருக்காதீர்கள். நீங்கள் நடந்தது சரணாலய எல்லைக்குள் என்றால், அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது என்ற 29-ஆம் பிரிவு நேராகப் பொருந்தும். காப்புக்காடு என்றால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இருக்கிறது. காட்டில் கிடக்கும் கொம்பும் எலும்பும் வன விளைபொருள்தான். அனுமதி இல்லாமல் நுழைந்தது தனிக் குற்றம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவையும் மறக்க வேண்டாம். பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டாலே போதும், சட்டவிரோதமாக வைத்திருந்தீர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை.

பாதுகாக்க வேண்டிய விலங்குகளை அந்தச் சட்டம் அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது, புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிப்பட்ட குற்றங்களை வன அதிகாரி தொகை வாங்கிக்கொண்டு முடித்து வைக்க 54-ஆம் பிரிவு வழி விடுகிறது. அதன் உச்ச வரம்பு இப்போது ஐந்து லட்சம். முடித்து வைப்பதும் வைக்காததும் அவர்கள் விருப்பம்.

மயிலிறகு கடையில் விற்கிறதே என்று நண்பர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மயில் தோகைக்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மான் கொம்புக்கு எழுதவில்லை. அமெரிக்க வீடியோக்களிலும் பாதிதான் காட்டுகிறார்கள். அங்கேயும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கொம்பை எடுக்கக் கூடாது. வயோமிங் மாநிலத்தில் பல பகுதிகளில், குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும் மான்களை விரட்டக் கூடாது என்று, கொம்பு பொறுக்க மே மாதம் வரை தடை இருக்கிறது. நம் காட்டில் அந்தக் கொம்பு வீணாகக் கிடப்பதும் இல்லை. முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். அடுத்த முறை எங்காவது பார்த்தால் கூர்ந்து பாருங்கள், பல் தடம் தெரியும்.

அப்புறம், விலை கேட்டவர். அவருக்கு ஒரு வரிகூடப் பதில் போடக் கூடாது என்று நண்பரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஆசைப்பட்டு எடுத்த விஷயம் வியாபாரம் ஆனால் என்னால்கூட உங்களைக் காப்பாற்றுவது கஷ்டம். ஸ்டேட்டஸ் படத்தையும் போனில் இருக்கும் மூலப் படங்களையும் அழிக்க வேண்டாம். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நிலையில் கொம்பு கிடந்தது என்பதற்கு அவைதான் ஆதாரம்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வன வழக்கு நடத்திப் பழக்கமுள்ளவராக இருந்தால் நல்லது. எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது, தானாக ஒப்படைக்க விரும்புகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி, படங்களை இணைத்து, அவர் மூலமாக வனச்சரகரிடம் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கடிதம் போகும் முன்பே கொம்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். வழியில் செக்போஸ்ட்டில் பிடித்தால் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனோம் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும், அல்லது எங்கே கொண்டுவருவது என்று சொல்லட்டும்.

கடிதம் கொடுத்தால் காட்டுக்குள் போனதை ஒப்புக்கொண்டது போல் ஆகுமே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் வழக்கறிஞரோடு போகச் சொல்கிறேன். கைது நடக்கலாம் என்று அவர் நினைத்தால் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருப்பார். 48 மணி நேரம் தாண்டிவிட்டது உண்மைதான். ஆனாலும் அவர்கள் தேடி வரும் முன் நீங்கள் போவதற்கும், வீட்டில் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) போட்டு எடுத்துப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தொகை கட்டி முடிப்பதோ தண்டனையின் அளவோ பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உதவி வனப் பாதுகாவலர் அல்லது அதற்கு மேலான அதிகாரி இந்தச் சட்டப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக வரலாம். "அவன்தான் கூப்பிட்டான்" என்று நீங்களும் "இவன்தான் எடுத்தான்" என்று அவரும் சொன்னால் இரண்டு பேர் கதையும் கெடும். குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதையும் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. நடந்ததை நடந்தபடி, இரண்டு பேரும் சொல்லுங்கள்.

அதுவரை கொம்புகளைத் துடைக்கவோ வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். ஓடை மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். செய்தித்தாளில் சுற்றி, அடிப்பகுதி உடையாமல் வையுங்கள்.