பாதிப் பணம், முழு எரிச்சல்

கேள்வி: ஆப்பிள் டிவியில் 'லூட்' என்ற அமெரிக்க காமெடித் தொடரை என் மனைவி சந்தா கட்டிப் பார்க்கிறாள். நானும் கூட உட்கார்ந்து முதல் சீசனை முழுக்கப் பார்த்தேன். இருபது வருஷம் சும்மா வீட்டில் இருந்த ஒருத்தி, கணவன் ஏதோ தப்பு செய்தான் என்று விவாகரத்து வாங்கி, அவன் உழைத்துச் சம்பாதித்ததில் 8,700 கோடி டாலரை அள்ளிக்கொண்டு போகிறாள். அப்புறம் 'நான் யார்' என்று தேடுகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பணக்காரியின் சோகத்துக்கு நாம் ஏன் உச்சுக் கொட்ட வேண்டும்? மனைவிக்குப் பிடித்திருக்கிறது. தங்கை 'லேசான பொழுதுபோக்கு, விடு அண்ணா' என்கிறாள். ஆபீஸில் ஒருவர் 'இது கோடீஸ்வரர்களுக்கு வெள்ளையடிக்கும் வேலை' என்கிறார். நீங்கள் எந்தக் கட்சி?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருச்சி

பதில்: கட்சியை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் ஒரு சின்ன விஷயம். கதாநாயகி மோலி வாங்கிய பணத்துக்கு எண்ணெல்லாம் போட்டு, 8,700 கோடி என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். கணவன் செய்ததற்கு 'ஏதோ தப்பு' என்று இரண்டே சொல். அந்த 'ஏதோ' என்ன என்று நீங்களும்தான் பார்த்தீர்கள். பிறந்தநாளுக்கு மனைவிக்கு ஒரு ராட்சதக் கப்பலைப் பரிசாகக் கொடுக்கிறான். அதே நேரத்தில் தன்னிடம் வேலை பார்க்கும் இளம்பெண்ணோடு தொடர்பும் வைத்திருக்கிறான். ஜான் நோவக் என்ற அந்தத் தொழிலதிபரை ஆடம் ஸ்காட் நன்றாக நடித்திருக்கிறார். என்ன செய்தாலும் தான் நல்லவன்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் முகம்!

கதை நடக்கும் கலிஃபோர்னியாவில், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் சரிபாதி. அது தண்டனையும் இல்லை, தானமும் இல்லை. அந்த மாகாணத்துச் சட்டம். அப்படியென்றால் மோலியிடம் 8,700 கோடி போன பிறகு ஜானிடமும் கிட்டத்தட்ட அவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும். அதை அவன் என்ன செய்தான் என்று நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை. பெரும் பணம் உங்கள் கண்ணை உறுத்தவில்லை, அது கைமாறியதுதான் உறுத்துகிறது.

வருத்தப்படாதீர்கள், உங்களுக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. 2024 மார்ச்சில் எலான் மஸ்க், முன்னாள் கணவரை வெறுக்கும் பெரும்பணக்கார மனைவிகளையும் மேற்கத்திய நாகரிகம் அழிந்த காரணங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று தன் எக்ஸ் தளத்தில் எழுதினார். பிறகு நீக்கிவிட்டார். யாரைச் சொன்னார் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. 2022 ஜூனில் 'லூட்' வந்த நாளிலிருந்து அதோடு சேர்த்து அடிபடும் பெயரும் அதேதான்: மெக்கன்சி ஸ்காட், அமேசான் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி.

மோலி அவருடைய அச்சு அசல் இல்லை. மெக்கன்சி நாவல் எழுதியவர், எழுத்தாளர் டோனி மாரிசனிடம் படித்தவர், கேமராவைக் கண்டாலே ஒதுங்குகிறவர். மோலியோ குடித்துவிட்டு உலகம் பூராவும் ஆடி, பத்திரிகைகளில் பெயரைக் கெடுத்துக்கொள்கிறாள். ஆனால் 'சும்மா வீட்டில் இருந்தவள்' என்று சொல்வதற்கு முன் இந்த நிஜக் கதையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1994இல் அந்தத் தம்பதி சியாட்டிலுக்குக் காரில் போனபோது பெசோஸ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் அமேசான் கம்பெனிக்கான திட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டியவர் மெக்கன்சி. கம்பெனி ஆரம்பித்தபோது கணக்கு எழுதியவரும் அவரே. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாகாணத்திலும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் பொதுதான். இருந்தும் 2019இல் பிரிந்தபோது, இருவருக்கும் சேர்த்து இருந்த அமேசான் பங்குகளில் கால்வாசியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பங்குகளின் ஓட்டுரிமையையும் பெசோஸிடமே விட்டார். பெசோஸுக்குச் சொந்தமான வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையிலும் ராக்கெட் கம்பெனியிலும் தனக்குப் பங்கு வேண்டாம் என்றார். அள்ளிக்கொண்டு போகிறவர் செய்கிற காரியமா இது?

கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர நம் நாட்டில் சரிபாதிச் சட்டம் இல்லை. ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபங்கு உண்டு என்றார். மனைவி வீட்டை நடத்தாமல் கணவர் அங்கே நிம்மதியாகச் சம்பாதித்திருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் 'சும்மா'வுக்கான பதில் உங்கள் மாநிலத்து உயர் நீதிமன்றத்திலேயே கிடைக்கிறது.

சரி, தொடருக்கு வருவோம். உச்சுக் கொட்டச் சொன்னது யார்? மோலியாக நடிக்கும் மாயா ருடால்ஃப் அப்படி ஒரு இடத்திலும் கேட்கவில்லை. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வருடக்கணக்காக மற்றவர்களைப் போலச் செய்து காட்டிச் சிரிக்க வைத்தவர், தான் நடிக்கும் ஆளைத் தானே கேலி செய்யத் தெரிந்தவர். முதல் எபிசோடில் மோலி ஒரு பெண்கள் காப்பகத்தின் திறப்பு விழாவுக்கு வருகிறாளே, அந்தக் காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தன் பெயரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது என்பதே அவளுக்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் தெரியும். வீடில்லாத பெண்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துத் தன் கஷ்டத்தைப் பேச ஆரம்பிக்கிறாள். பேசப் பேச நமக்குத்தான் கை கால் கூசுகிறது. அறக்கட்டளையை நடத்தும் சோஃபியாவின் முகம் இறுகிக்கொண்டே போகிறது. அந்தக் காட்சி மோலியின் சோகத்தை அல்ல, அதைப் பேச அவள் தேர்ந்தெடுத்த இடத்தைக் காட்டிச் சிரிக்கிறது. நீங்கள் கோபப்பட்ட விஷயத்தைத்தான் தொடர் ஜோக்காகச் செய்திருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே கட்சி, கவனிக்கவில்லை.

இன்னொரு எபிசோடில், கெட்ட பெயரைத் துடைக்க அவளை 'ஹாட் ஒன்ஸ்' நிகழ்ச்சிக்கு அனுப்புகிறார்கள். அது நிஜமாகவே இருக்கும் யூடியூப் நிகழ்ச்சி. விருந்தாளி பத்து கோழி இறக்கைகளைச் சாப்பிட வேண்டும், ஒவ்வொன்றிலும் காரம் ஏறிக்கொண்டே போகும், நடுநடுவே கேள்வி வரும். அதை நடத்தும் ஷான் எவன்ஸே இதிலும் வருகிறார். காரம் ஏற ஏற, எழுதிக் கொடுத்த பதில்கள் எல்லாம் மோலிக்கு மறந்து போகின்றன. மூக்கு ஒழுகும்போது யாராலும் புண்ணியவதி வேஷம் போட முடியாது. எனக்கு அந்த சீசனிலேயே பிடித்த காமெடி இதுதான்.

உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது கொஞ்சம் கனமான விஷயம். அவரோடு நான் பாதி தூரம் வருகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். 8,700 கோடி டாலரைத் தினம் 10 லட்சம் டாலர் வீதம் செலவழித்தால் தீர 87,000 நாள் ஆகும், அதாவது 238 வருஷம். அதுவும் பணம் குட்டி போடாமல் அப்படியே கிடந்தால். வருஷத்துக்கு வெறும் 5 சதவீதம் வளர்ந்தாலே தினமும் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் புதிதாக வந்து விழும். நீங்கள் 10 லட்சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டியில் 1 கோடியே 10 லட்சம் ஏறியிருக்கும். இது நிஜத்திலும் நடந்தது. பெட்டகம் காலியாகும்வரை கொடுப்பேன் என்று 2019இல் எழுதிக் கையெழுத்துப் போட்ட மெக்கன்சி, 2024 முடிவதற்குள் 1,900 கோடி டாலருக்கு மேல் கொடுத்துவிட்டார். அதுவும் அதைச் செய், இதைச் செய் என்ற நிபந்தனை இல்லாமல். அப்படியும் அவர் சொத்து பெரிதாக இறங்கவில்லை. ஒரு கை கொடுக்க, அமேசான் பங்கு விலை மறு கையை நிரப்பிக்கொண்டே இருந்தது.

ஒரு காமெடித் தொடருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்குமா? கொடுக்க நினைக்கிறவள் தோற்றுக்கொண்டே இருக்கிறாள், பணம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. 'லூட்' இந்த இடத்துக்குப் பக்கத்தில் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, பயந்து திரும்பிவிடுகிறது. முதல் சீசன் முடிவில் மோலி எழுந்து, என்னைப் போன்றவர்கள் இருக்கவே கூடாது, எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன் என்கிறாள். கைதட்டலாம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யார் உழைப்பில் ஜானின் கம்பெனி வளர்ந்தது என்று தொடர் குடைந்து கேட்பதில்லை. தப்பெல்லாம் மனசில், மனசு மாறினால் போதும். உங்கள் நண்பர் வெள்ளையடிப்பது என்று இதைச் சொன்னால், சரி.

ஆனால் யார் எடுத்த தொடர் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? 2022 ஜனவரியில், பங்குச் சந்தையில் 3 லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்ட உலகின் முதல் கம்பெனி ஆப்பிள். அதே வருஷம் ஜூனில் அவர்கள் காசில் பணக்காரர்களைக் கிண்டல் செய்து தொடர் வருகிறது. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி செய்யும் பாடகரிடம் எவ்வளவு காட்டம் எதிர்பார்ப்பீர்கள்? எழுதிய ஆலன் யாங்கும் மாட் ஹப்பர்டும் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரில் வேலை பார்த்தவர்கள். நல்ல மனசு உள்ளவர்களை ஓர் ஆபீஸுக்குள் போட்டு மெல்லச் சிரிக்க வைப்பது அவர்கள் கைவந்த கலை. கத்தியைத் தூக்குவது அவர்கள் வழக்கமில்லை.

தொடரைவிட நிஜம் காட்டமாக இருந்த ஓர் இடத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மோலியின் மாளிகையாகக் காட்டுகிறார்களே, அது லாஸ் ஏஞ்சலீஸில் பெல் ஏர் பகுதியில் இருக்கும் 'தி ஒன்' என்ற வீடு. 1,05,000 சதுர அடி. நம் சென்னைக் கணக்கில், கட்டடம் மட்டுமே கிட்டத்தட்ட 44 கிரவுண்ட் அளவு! கட்டியவர் கடனில் மாட்டிக்கொண்டார். 29.5 கோடி டாலர் விலை சொன்ன வீடு, 2022 மார்ச்சில் ஏலத்துக்குப் போய் 12.6 கோடிக்கு விழுந்தது. ஏலக் கமிஷன் தனி. தொடர் வெளிவந்தது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். மோலி எவ்வளவு அட்டகாசம் செய்தாலும் அவள் பணத்துக்கு ஒரு கீறல் விழுவதில்லை. அவள் நடமாடிய அந்த வீடு மட்டும் பாதி விலைக்குக் கீழே போய்விட்டது.

உங்கள் தங்கை 'லேசான பொழுதுபோக்கு' என்றதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேர எபிசோடு, பத்து எபிசோடு. நாக்கில் விஷமும் மனசில் பாசமும் வைத்திருக்கும் உதவியாளன் நிக்கலஸாக ஜோயல் கிம் பூஸ்டர் வரும் காட்சிகள் எல்லாம் பழுதில்லை. கணக்காளர் ஆர்த்தர் ஒரு சாதுவான மனிதர். ரசீதும் கணக்கும் என்று இருக்கும் அவருக்கும் இத்தனை கோடிக்குச் சொந்தக்காரிக்கும் இடையே உருவாகும் நட்பை அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார்கள். சோஃபியாவாக வரும் மிகேலா ஜே ராட்ரிகஸ் கோல்டன் குளோப் வாங்கிய முதல் திருநங்கை நடிகை. இங்கே அவருக்குக் கண்டிப்பான மேலதிகாரி வேலையை மட்டுமே கொடுத்துவிட்டார்களே என்பது என் வருத்தம். அவருக்கும் இரண்டு ஜோக் கொடுத்திருக்கலாம்.

என் கட்சி கேட்டீர்கள். சிரிப்பில் உங்கள் தங்கை பக்கம், கணக்கில் ஆபீஸ் நண்பர் பக்கம். உங்கள் பக்கம் வர ஒரு காரணமும் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். இரண்டாவது சீசன் 2024 ஏப்ரலில் வந்தது. வீடில்லாதவர்களுக்கு வீடு என்று மோலி இறங்குவதால் முதல் சீசனைவிடக் கால் கொஞ்சம் தரையில் படுகிறது. மாயா ருடால்ஃபுக்கு அந்த வருஷம் எம்மி பரிந்துரையும் கிடைத்தது. 2025 அக்டோபரில் மூன்றாவதும் வந்துவிட்டது. உங்கள் மனைவி நிச்சயம் பார்ப்பார், சந்தாவும் அவருடையது. நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்று: முதல் சீசனில் பத்து எபிசோடையும் பாதியில் எழுந்து போகாமல் பார்த்திருக்கிறீர்களே, அது வெறும் எரிச்சலில்தானா?