டயட்டில் இருந்தும் எடை குறையவில்லையே, ஏன்?

"மதியம் சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். இரவில் சப்பாத்திதான். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறேன், தினமும் நடக்கிறேன். மூன்று மாதமாகியும் எடை அசையவில்லை. தைராய்டு பரிசோதனையும் சரியாக இருக்கிறது. என் உடல்வாகே இப்படித்தானா? கொள்ளு சாப்பிட்டால் குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீசியனாக இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் கண்ணில் பட்டது ஒன்றுதான். நீங்கள் குறைத்தது சோறு மட்டும். மற்றதெல்லாம் மாற்றியது அல்லது புதிதாகச் சேர்த்தது. நம் வீடுகளில் டயட் என்றாலே பழி முழுவதும் சோற்றின் தலையில் விழுகிறது. சோற்றைத் தவிர வாய்க்குள் போகிற எதையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

சப்பாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு, பச்சரிசி, புழுங்கலரிசி, சாமை, வரகு, தினை, ராகி என எதை வாங்கினாலும் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான் இருக்கும். கோதுமையிலும் சிறுதானியத்திலும் நார்ச்சத்து கூடுதல், கொஞ்சம் நேரம் பசி தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தி 100 கலோரி. கல்லில் போட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் 140. மூன்று சப்பாத்தி 420. தொட்டுக்கொள்ளத் தேங்காயும் முந்திரியும் அரைத்துவிட்ட குருமா இருந்தால் அது தனி. வேகவைத்த சோறு 200 கிராம் சாப்பிட்டாலே 260 கலோரிதான் வரும். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்களில் பலர், முன்பைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டுக்கொண்டு, பத்தியம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும் என்றும் சொன்னது. அரிசியா கோதுமையா என்று பட்டிமன்றம் நடத்துவதை விட்டுவிட்டு, தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

தேனும் இதே கதைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. வெறும் வெந்நீர் குடித்தால் அந்த அறுபது கலோரியாவது மிச்சம். நாட்டுச் சர்க்கரையும் பனங்கருப்பட்டியும் நல்ல பொருள்கள், ருசியும் மணமும் உண்டு. ஆனால் எடையைப் பொறுத்தவரை வெள்ளைச் சர்க்கரைக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது எண்ணெய். இதைச் சொன்னால் எல்லோரும் "எங்கள் வீட்டில் எண்ணெயே சேர்ப்பதில்லை" என்பார்கள். அதனால் நான் சமையலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, மளிகைச் சீட்டைக் கேட்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்? கடலை எண்ணெய் இரண்டு, சூரியகாந்தி ஒன்று, நல்லெண்ணெய் ஒன்று, நான்கு பேர் என்று பதில் வரும். அப்படியானால் தலைக்கு மாதம் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். கிராமுக்கு 9 கலோரி. முப்பது நாளுக்கு வகுத்தால் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 275 கலோரி, எண்ணெயிலிருந்து மட்டும். நெய், தேங்காய், வெளியில் சாப்பிடும் பஜ்ஜி எதுவும் இதில் சேராது. மரச்செக்கு எண்ணெய்க்கும் கிராமுக்கு அதே ஒன்பதுதான். தாளிப்பதற்குக் கையை வைத்து ஊற்றாமல், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் 5 மில்லி கரண்டியால் அளந்து பாருங்கள். ஒரு பொரியலுக்கு நீங்கள் உண்மையில் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

காபியைப் பற்றிப் பேசினால் கோவை மக்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் நூறு மில்லி, அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு தம்ளர் 130 கலோரி. காலையில் ஒன்று, பலகாரத்துக்குப் பின் ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் அவருக்குத் துணையாக ஒன்று. 500 கலோரி தாண்டிவிட்டது, பசி மட்டும் அடங்கியபாடில்லை. 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டுக்கு மாறி, சர்க்கரையை விட்டால் அதே நான்கு தம்ளர் பாதிக்கும் கீழே வந்துவிடும். காபியை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் கேட்பதில்லை. நடக்காத காரியத்தைச் சொல்லி என்ன பயன்?

இனி, தட்டுக்கே வராத சாப்பாடு. ஆலோசனை அறையில் ஓர் அம்மா அமர்ந்து, "இரண்டு இட்லி, அதற்கு மேல் தொடமாட்டேன் மேடம்" என்றார். அருகில் இருந்த கணவர் மெல்லிய குரலில், "பேரன் மீதி வைத்த தோசை?" என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அது வீணாகப் போகுமே என்று எடுத்தது, அதை எல்லாம் சாப்பாடு என்று சொல்வார்களா?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், வாணலியில் ஒட்டிய கடைசிக் கைப்பிடிப் பொரியல், உப்புப் பார்க்க எடுத்த குழம்பு, பிரிட்ஜில் இடம் இல்லையே என்று முடித்துவைத்த பாயசம் எல்லாம் நம் பெண்களுக்கு வேலைக் கணக்கில் போகின்றன, சாப்பாட்டுக் கணக்கில் வருவதில்லை. ஆண்களுக்கு இதற்கு ஈடாக அலுவலக மேசையில் டீயும் மிக்சரும் இருக்கின்றன. கையை விட்டு அள்ளியதை யார் எண்ணினார்கள்? ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 30 கிராம் என்று வைத்தால்கூட 170 கலோரி.

இதை எடையுடன் போராடுபவர்கள் மேல் சுமத்தும் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு எங்கள் துறையில் அடிக்கடி பேசப்படும். நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களை வைத்துச் செய்தது. அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தை அளந்தார்கள்; அது இயல்பாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். தெரிந்து மறைத்ததாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. டயட்டீசியன்களையே எழுதச் சொன்னாலும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவோம்.

நடைப்பயிற்சிக்கு வருவோம். நடங்கள், கட்டாயம் நடங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் 70 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. ரேஸ்கோர்ஸ் சாலையில் அதிகாலையில் வியர்க்க வியர்க்கச் சுற்றிவிட்டு, நண்பர்களோடு டிபன் கடையில் இரண்டு உளுந்த வடையும் காபியும் முடித்துவிட்டு வீடு திரும்பும் கூட்டத்தை வாரம் முழுக்கப் பார்க்கலாம். அவர்கள் மனத்தில் எடை குறைந்திருக்கும், உடம்பில் கூடியிருக்கும்.

விரதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமாவாசை, சஷ்டி, கிருத்திகை என்று மாதத்தில் பல நாள் ஒருபொழுது இருந்தும் எடை குறையவில்லை என்பார்கள். ஒருபொழுது என்றால் இரவில் சோறு இல்லை, பலகாரம் உண்டு. பகலெல்லாம் காய்ந்த வயிறு இரவில் நான்கு நெய்த் தோசை கேட்கும். சுவாமி கோபித்துக்கொள்ளமாட்டார், ஆனால் எடை இயந்திரத்துக்கு இந்த நியமம் எல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். ஆறு நாள் தினமும் 500 கலோரி குறைத்தால் 3,000 மிச்சமாகிறது. ஞாயிறன்று பிரியாணி, மாலையில் ஐஸ்கிரீம், இரவில் பரோட்டா என்று 1,500 கூடுதலாகப் போனால், ஆறு நாள் உழைப்பில் பாதி அன்றே கரைந்துவிடும். அதிலும் மிஞ்சியது கொஞ்சம் குறைப்புதான், ஆனால் வாரத்துக்கு 200 கிராம் குறைவது இயந்திரத்தில் கண்ணுக்குப் படாது.

கண்ணுக்குப் படாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே நாளில் ஒருவரின் எடை ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். ஊறுகாயும் அப்பளமுமாக உப்பு கூடினால் உடல் நீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் எடை ஏறும். மலச்சிக்கலும் எடையில் தெரியும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ விழுவதும் பெரும்பாலும் இதே நீர்தான்: ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைத் தன்னோடு வைத்திருக்கிறது, கிளைக்கோஜன் செலவானால் நீரும் போகிறது. முதல் வாரம் குதித்தவர்கள் மூன்றாம் வாரம் சோர்ந்து உட்காருவது இதனால்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவு செய்யாமல், வாரச் சராசரியைப் பாருங்கள். இடுப்பை அளக்கும் டேப் இதைவிட நேர்மையானது. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அதிகம் என்று கொள்கிறோம். எடை நின்றிருக்கும்போது இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் உடல்வாகு பற்றிய கேள்வியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும்; 80 கிலோவில் பலன் தந்த சாப்பாடு 72 கிலோவில் எடையை நிறுத்தி வைக்க மட்டுமே போதுமானதாகிவிடும். அதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் குறைத்தது அசுர வேகத்தில். பட்டினி கிடந்து குறைப்பவர்களை நான் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அப்படிக் குறையும்போது தசையும் சேர்ந்து போய்விடுகிறது. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் தோசை என்று மாவிலேயே நாளை ஓட்டும் வீட்டில் புரதம் ஏற்கெனவே குறைவு; சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதையும் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? சோற்றைக் குறைக்கும் அளவுக்கு முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒன்றைக் கூட்டுங்கள், பசியும் அடங்கும். தூக்கத்தையும் வெட்டாதீர்கள், தூக்கம் குறைந்தவர்களுக்கு அதே டயட்டில் கொழுப்பு குறைவாகவும் தசை கூடுதலாகவும் கரைகிறது.

தைராய்டு சரியாக இருப்பது நல்லது. அது குறைந்திருந்தாலும் அதனால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஆனால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இன்சுலின், சர்க்கரைக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநல மருந்துகள் சில, வலிப்பு மருந்துகள் சில ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. மாத்திரைச் சீட்டை எடுத்துப்போய்க் காட்டி மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கொள்ளு கேட்டிருந்தீர்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பிக் காலையில் கொள்ளு ரசம், மதியம் கொள்ளுப் பருப்பு, மாலையில் கொள்ளு லட்டு என்று போகிறவர்கள் கொங்கு நாட்டில் நிறைய. கொள்ளும் 100 கிராமுக்கு 320 கலோரியை ஒட்டித்தான். அது போய்க் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, வயிறு நிறையும். மாலை நான்கு மணிக்கு நீங்கள் கை வைக்கும் முறுக்குக்கும் மிக்சருக்கும் பதிலாக ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல், தேங்காய் கொஞ்சமாகப் போட்டு, அளந்த எண்ணெயில் தாளித்துச் சாப்பிடுங்கள். முறுக்கையும் தின்றுவிட்டு அதன்மேல் கொள்ளையும் சாப்பிடுவதாக இருந்தால், கொள்ளு வாங்கும் காசாவது மிஞ்சட்டும்.