இந்திப் படங்களில் தன்பாலினக் காதலை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

'பதாய் தோ'விலிருந்து (2022) தொடங்குங்கள். வெளியான ஆண்டு வரிசையில் பார்க்கப் போனால் பாதியிலேயே சலித்துவிடும். 'கல் ஹோ நா ஹோ'வில் (2003) இரண்டு ஆண்களைச் சேர்த்துப் பார்த்துப் பதறும் பணிப்பெண் காந்தாபென், 'தோஸ்தானா'வில் (2008) வீடு கிடைப்பதற்காக ஜோடி என்று பொய் சொல்லும் நண்பர்கள் என்று எல்லாமே கேலிதான். 'கேர்ள்ஃப்ரெண்ட்' (2004) பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை வெறிபிடித்தவளாகவே காட்டியது.

இரு பெண்களின் காதலைச் சொல்லி எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கும் 'ஃபயர்' (1996) உண்மையில் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது. இந்தி வடிவத்தில் நாயகியரில் ஒருத்தியான சீதாவின் பெயர் நீதா ஆனது. 1998 டிசம்பரில் சிவசேனைக்காரர்கள் திரையரங்குகளைத் தாக்கினார்கள். படம் மறுதணிக்கைக்குப் போய், வெட்டு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

பிற்காலப் படங்களை எடைபோட இரண்டே கேள்விகள் போதும். காதலர் எப்போது திரைக்கு வருகிறார்? உச்சக்கட்டத்தில் மனம் மாறுவது யார்?

'ஏக் லட்கி கோ தேகா தோ ஐசா லகா' (2019) படத்தில் ஸ்வீட்டியின் காதலி குஹுவுக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். கதையை நகர்த்துபவர் சாஹில் என்ற ஆண் எழுத்தாளர். முடிவில் கண் கலங்குபவர் அப்பா. குன்னூரில் நடக்கும் 'கபூர் அண்ட் சன்ஸ்' (2016) மூத்த மகனின் காதலரை நேரில் காட்டவே இல்லை. அம்மாவின் அதிர்ச்சிதான் காட்சியாகிறது. 'ஷுப் மங்கள் ஜியாதா சாவ்தான்' (2020) ரயிலில் இரு ஆண்கள் முத்தமிடுவதைத் தைரியமாகவே காட்டுகிறது. ஆனால் அதன் பிறகு படம் முழுக்க அப்பாவோடு மல்லுக்கட்டுதான். குடும்பத்தோடு வரும் பார்வையாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் கேமரா பெற்றோர் பக்கமே போய் நின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு. காதலர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் இதில் அடிபட்டுப் போகிறது.

'பதாய் தோ' இதைத் தாண்டுகிறது. டேராடூனில் போலீஸ்காரர் ஷார்துலும் உடற்கல்வி ஆசிரியை சுமனும் வீட்டுத் தொல்லை தாங்காமல் பெயரளவுக்குக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சுமனின் காதலி ரிம்ஜிம் அதே வீட்டில் வந்து தங்குகிறாள். அக்கம்பக்கம் போலீஸ் குடியிருப்பு, மேலதிகாரியின் கண், 'விசேஷம் உண்டா?' என்று துளைக்கும் மாமியார் என அன்றாட நெருக்கடிகளில்தான் கதை ஓடுகிறது. ஷார்துல் உண்மையைச் சொல்லும் காட்சியில் அம்மாவாக வரும் ஷீபா சத்தாவைக் கவனியுங்கள். வசனமே இல்லாமல் அத்தனையும் சொல்லிவிடுகிறார்.

படத்தில் சுமன் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும்போது வரும் சிக்கலும் கற்பனையல்ல. நம் விதிகளின்படி தனி ஒருவர் தத்தெடுக்கலாம். சேர்ந்து எடுக்க வேண்டுமானால் சட்டப்படி மணமான தம்பதியாக இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் 3-2 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை நிலைநிறுத்தியது. சுமனும் ஷார்துலும் பெயரளவுக் கல்யாணத்தை ஏன் முறிக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்து 'அலிகர்' பாருங்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிராஸ் தன்பாலின உறவுக்காக 2010-இல் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட உண்மைச் சம்பவம் அது. மனோஜ் பாஜ்பாயி ஒரு மனிதரின் தனிமையை அவசரமே இல்லாமல் நடித்திருக்கிறார். மூன்றாவதாக 'அஜீப் தாஸ்தான்ஸ்' (2021) தொகுப்பில் நீரஜ் கெய்வான் இயக்கிய 'கீலி புச்சி'. திரையரங்குக்கு வராத குறும்படம்தான். ஆனால் தலித் பெண் ஒருத்திக்கும் பிராமணப் பெண் ஒருத்திக்கும் நடுவே காதலும் சாதியும் எப்படி மோதும் என்பதை, மேலே சொன்ன பெரிய படங்கள் எதுவும் தொடாத அளவுக்கு நேராகப் பேசுகிறது.