பார்வை போன பிறகு வீட்டுக்குள்ளேயே இருப்பவரை வெளியே வரவைப்பது எப்படி?

கேள்வி: ஹோ சி மின் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகனுக்கு 23 வயது. பார்வை நரம்பு பாதித்து, இரண்டு வருடமாகக் கண் அறவே தெரியவில்லை. இனி திரும்பாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. நண்பர்கள் வருவதும் நின்றுவிட்டது. எனக்கு வியட்நாமிய மொழி ஓரளவு பேச வரும். ஏதாவது பிரெய்ல் கருவி வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கருவி இப்போதைக்கு வேண்டாம். வியட்நாமிய பிரெய்ல் பிரெஞ்சு பிரெய்லை ஒட்டியது. எழுத்துகளோடு ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. 21 வயதுக்கு மேல் விரலால் படிக்கப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். கட்டாயம் கற்கட்டும், ஆனால் அவருடைய இன்றைய பிரச்சினை அது இல்லை. பேச ஆள் இல்லை, போக இடம் இல்லை, இந்த இரண்டும்தான். "முதலில் எல்லாம் பழகட்டும், நண்பர்களை அப்புறம் பார்க்கலாம்" என்று பல குடும்பங்கள் தள்ளிப்போடும். நான் தலைகீழாகத்தான் சொல்வேன். போய்ச் சேர ஒரு ஆள் இருந்தால்தான் வெள்ளைக்கோலைக் கையில் எடுக்கவே மனம் வரும்.

அவர் கையில் இருக்கும் போனிலிருந்து தொடங்குங்கள். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், இரண்டும் வியட்நாமிய மொழியில் திரையைப் படித்துக் காட்டும். கணினிக்கு என்விடிஏ என்ற திரைபடிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய நண்பர்கள் எல்லாரும் அங்கே பரவலாகப் பயன்படும் ஸாலோ என்ற செய்திச் செயலியில்தான் இருப்பார்கள். அவர்கள் வராமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் என்ன பேசுவதென்று தெரியாத கூச்சம்தான். அவர் பக்கமிருந்து ஒரு குரல்செய்தி போனால் பாதிப் பேராவது திரும்ப வருவார்கள்.

அடுத்தது, உங்களையும் என்னையும்விட அவருக்கு உதவக்கூடிய ஒருவர்: அதே நகரத்தில் பார்வையில்லாமல் தனியாகப் பஸ் ஏறிப் போகிறவர். 1969-ல் தொடங்கிய வியட்நாம் பார்வையற்றோர் சங்கத்துக்கு ஹோ சி மின் நகரிலும் கிளை உண்டு. கணினி, போன் பயிற்சிக்கு அதே நகரிலுள்ள, பார்வையற்றோருக்கான சாவ் மாய் மையத்தைக் கேளுங்கள். வியட்நாமியக் கணினிக் குரல்களிலும் பிரெய்ல் மென்பொருளிலும் நல்ல வேலை செய்திருப்பவர்கள். முதல் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்வையில்லாதவர்கள் தனியாக நடமாடுவதை மகனைவிட அவர்தான் பார்க்க வேண்டியவர்.

சங்கத்தில் மசாஜ் பயிற்சியைப் பற்றி உடனே பேச்சு வரலாம். அந்த நாட்டில் பார்வையற்றவர்களுக்கென்று நிலைத்துவிட்ட தொழில் அது, கௌரவமாகச் சம்பாதிக்கிறவர்கள் நிறையப் பேர். பிடித்திருந்தால் சேரட்டும். கண் தெரியவில்லை என்றால் மசாஜ்தான் என்று வீட்டில் முடிவுகட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். முன்பு என்ன படித்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டீர்களா? கேள்வியில் அது இல்லை.

சரி, தெருவுக்கு வருவோம். அங்கே நடைபாதை நடப்பதற்கு மட்டும் இல்லை. பைக் நிறுத்துவார்கள், பிளாஸ்டிக் முக்காலி போட்டுக் காபி விற்பார்கள். பார்வையற்றோருக்கென்று பதித்த தடக்கல் நேராகப் பைக் வரிசையில் போய் முட்டும். அதனால் வீடு இருக்கும் சந்துக்குள்ளேயே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். அதன் முடிவில் ஒரு காபிக் கடையோ, நண்பர் வீடோ இருக்கட்டும். வெள்ளைக்கோல் தரையிலிருந்து மார்பெலும்பு உயரம் வர வேண்டும், அவசியம் மடக்குகோலாக இருக்க வேண்டும். பைக் டாக்ஸியில் ஏறும்போது நீளக்கோல் தொல்லை. வலது கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும், இடது கால் போனால் வலப்பக்கம். இதை முறையாகப் பயிற்சியாளரிடம்தான் கற்க வேண்டும், நீங்கள் துணைக்குப் போகலாம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். வழி பழகியதும் அம்மா வாய் திறக்காமல் இருபது அடி பின்னால் நடக்கலாம். அந்த மௌனம்தான் அம்மாவுக்குக் கஷ்டமான பயிற்சி.

பெரிய சாலையைத் தனியாகக் கடப்பதை வீரமாக நினைக்க வேண்டாம். பைக்குகள் நிற்காது, சுற்றிக்கொண்டு போகும். சீராக நடக்க வேண்டும், பின்வாங்கக் கூடாது. மின்சார ஸ்கூட்டர்கள் வேறு சத்தமில்லாமல் வருகின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் உதவி கேட்பதும் ஒரு திறமைதான். கிராப் செயலியில் வாடகை வண்டி கூப்பிடும்போது "எனக்குப் பார்வையில்லை, வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று ஓட்டுநருக்குச் செய்தி போடச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பென் தான் – சுவோய் தியென் மெட்ரோ நிலையங்களில் பைக் தொல்லை கிடையாது. அடுத்த கட்டப் பழக்கத்துக்கு நல்ல இடம்.

பணம் இன்னொரு தலைவலி. 20,000 முதல் 500,000 டாங் வரையுள்ள பாலிமர் நோட்டுகள் ஒரே அகலம். நீளம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் 4 மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போகும், 136-லிருந்து 152 வரை. விரலுக்கு அது லேசில் பிடிபடாது. (நீல நிறத்தில் இருக்கும் 20,000-யும் 500,000-யும் கண் தெரிந்தவர்களே மாற்றிக் கொடுத்துவிட்டுத் தவிப்பதுண்டு.) ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைக்கப் பழகட்டும்.

வீட்டுச் சாப்பாட்டையும் கவனியுங்கள். நடுவில் தட்டுகளை வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பாசத்தில் அவர் கிண்ணத்தில் ஆளாளுக்கு எடுத்துப் போடுவார்கள். அப்படியே இரண்டு வருடம் போனால், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதே மறந்துவிடும். எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்று உட்கார்ந்ததும் சொன்னால் போதும். மீன் முள்ளுக்கு மட்டும் உதவுங்கள். புதியவரை அறிமுகம் செய்யும்போது அவர் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மைப் போலவே அங்கும் அண்ணன், அக்கா, சித்தப்பா என்று முறை வைத்துத்தான் பேச்சே தொடங்கும். முகம் தெரியாதவருக்கு முறை தெரியாமல் வாய் அடைத்துப்போகும். கரோக்கேயைத் தவிர்க்க வேண்டியதில்லை. திரையில் வரி ஓடாவிட்டால் என்ன, அவருக்கு மனப்பாடமான பாட்டு நிறைய இருக்கும்.

காகித வேலையும் ஒன்று உண்டு. வார்டு மக்கள் குழு (உள்ளாட்சி) அலுவலகத்தில் மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்க வேண்டும். மிகக் கடுமையானது, கடுமையானது, லேசானது என மூன்று நிலைகள். முதல் இரண்டில் வந்தால் நகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லை, ரயிலில் குறைந்தது 25 சதவீதம் சலுகை. 2025 ஜூலையில் மாவட்ட நிலை நிர்வாகத்தையே எடுத்துவிட்டார்கள், வார்டுகளையும் இணைத்தார்கள். பழைய முகவரிக்கு அலையாமல், இப்போது எந்த அலுவலகம் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தை அவரே பேசிக் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.