2 மக்கபேயர் 12 உங்கள் வேதாகமத்தில் இல்லாதது ஏன்?

குன்னூர் ஈரத்தில் உங்கள் வேதாகமத்தின் தாள்கள் ஒட்டிப்போயினவோ என்று நீங்கள் ஐயுறத் தேவையில்லை. பக்கம் எதுவும் விடுபடவில்லை. இறந்தோருக்காக வேண்டலாம் என்பதற்கு உங்கள் கத்தோலிக்கச் சம்பந்தி துக்க வீட்டில் எடுத்துக்காட்டிய 2 மக்கபேயர் நூலின் 12:44-45, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் வழக்கமாக இருக்கும் 66 நூல்கள் கொண்ட பதிப்பில் இராது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள் உண்டு; கூடுதலான அந்த ஏழில் ஒன்றுதான் 2 மக்கபேயர்.

பொருளடக்கத்தில் அதே ஏழில் உள்ள தோபித்து, யூதித்து ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவை இல்லையெனில் மக்கபேயரும் இல்லை.

ஆனால் உங்களுக்கும் சம்பந்திக்கும் இடையிலான வாதம் முடியாமல் நீள்வதற்கு அந்த வசனம் மட்டும் காரணமாக இருக்காது. "வேதத்தில் எழுதியிருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள்; அவரோ, எவை மறைநூல்கள் என்பதை அடையாளம் கண்டதே திருச்சபைதான் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1546-இல் மறைநூலையும் திருத்தூதர் மரபையும் (இயேசுவின் திருத்தூதர்கள் வழியாகக் கையளிக்கப்பட்டதையும்) ஒரே பற்றுடன் ஏற்பதாக அறிவித்தது; சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளோ, எந்த மரபும் மறைநூலால் சோதிக்கப்பட வேண்டும் என்றன.

கத்தோலிக்கர் திருச்சபையை வேதத்துக்கு மேலே வைக்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணிபுரிவதே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக உரைத்தது. உங்கள் சபையும் மரபை அறவே விலக்கியதன்று. ஆராதனையில் நீங்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணம் மரபின் வழியாகத்தான் வந்தது.